கரிசலாங்கண்ணி என்று நான் கொடுத்த செடி

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. காலையில் சீப்பில் வருவதைச் சுருட்டி வைத்தால் ஒரு குருவி அதில் கூடு கட்டிக் குடித்தனம் நடத்தலாம். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரி எந்த நோய்க்கும் ஒரு பச்சிலை வைத்திருப்பவள். என் தலையை ஒருநாள் மேலிருந்து பார்த்துவிட்டு, "மஞ்சள் கரிசலாங்கண்ணி கெடைச்சா எண்ணெ காய்ச்சித் தேயுங்க அக்கா. மூணு மாசத்துல பின்னலு இடுப்பத் தொடும்" என்றாள்.

நான் தேடினேன். சந்தையில் கிடைத்ததெல்லாம் வெள்ளைப் பூ பூக்கும் வகை. மஞ்சள் கிடைக்கவில்லை.

அந்த வருடம் அலுவலகத்திலிருந்து வேன் வைத்து வட்டக்கோட்டைக்குப் போனோம். திரும்பும் வழியில் ஒரு ஓட்டலில் சாப்பாடு. ஓட்டல் முற்றம் முழுக்கப் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல ஒரு செடி படர்ந்து கிடந்தது. அதன்மேல் மஞ்சள் மஞ்சளாகப் பூ. என் நாற்காலிக்காரி சாப்பிட்ட கையோடு ஓடி வந்தாள். "அக்கா! இது மஞ்சள் கரிசலாங்கண்ணில்லா!"

தோட்டக்காரரிடம் ஒரு பிடி கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு சாக்கு எடுத்து வந்தார். "ஒரு பிடி எதுக்கு? இஷ்டத்துக்கு வாரிட்டுப் போங்க" என்றார்.

பிடி கேட்டவளுக்குச் சாக்கு தருகிற தோட்டக்காரரைக் கண்டால் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு தங்கமான மனுஷனா என்று தக்கலை வரைக்கும் அவரைப் புகழ்ந்துகொண்டே வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் மதிலோரமாக நட்டேன். நட்டேன் என்பது பெரிய வார்த்தை. ஈர மண்ணில் போட்டேன், அவ்வளவுதான். பத்தாம் நாள் அது காலூன்றி நின்றது. ஒரு மாதத்தில் மதில் ஓரம் முழுக்கப் பச்சை. தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சினேன். மூன்று மாதம் தேய்த்தேன். முடி கொட்டுவது உண்மையாகவே குறைந்தது. அதே மூன்று மாதமும் டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே அது நினைவில் நிற்கவில்லை.

எங்கள் வட்டாரத்தில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் என் பின்னலைப் படம் பிடித்துப் போட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே மரியாதை. ஒன்பது வீட்டுக்காரர்கள் கன்று கேட்டார்கள். ஒன்பது வீட்டுக்கும் ஈரச் சாக்கில் சுற்றி, "பத்திரமா வளத்துங்க, லேசுல கெடைக்காத சாதனமாக்கும்" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

இந்த நேரத்தில் என் கணவர் தக்காளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மஸ்கட்டில் பதினெட்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். எதையும் கழற்றிப் பார்த்தால் சரியாக்கிவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. பின்பக்கம் ஒரு பாத்தி எடுத்து நான்கு வகைத் தக்காளி வைத்தார். ஐஸ்கிரீம் குச்சிகளில் பெயர் எழுதி ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் குத்தி வைத்தார்: நாடு, பெங்களூர், செர்ரி, கறுப்பு. கறுப்புத் தக்காளி விதை ஆன்லைனில் வந்தது. அது முளைக்கும்வரை அவர் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடச் சரியாகப் போகவில்லை. தலையைக் காட்டிவிட்டு ஓடி வந்துவிட்டார்.

எங்கள் செம்மண்ணுக்கும் தக்காளிக்கும் எப்போதும் ஆகாது. வருடத்தில் இரண்டு மழை வேறு. நேற்றுவரை நெஞ்சை நிமிர்த்தி நின்ற செடி இன்று மத்தியானம் இலையைத் தொங்கவிடும். மூன்றாம் நாள் பச்சை மாறாமலே செத்துப்போகும். இவர் யூடியூபில் பார்த்து ஒரு பரிசோதனை செய்தார். வாடிய தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தார். தண்டிலிருந்து வெள்ளையாக நூல்போல ஒன்று தண்ணீரில் இறங்கியது. "பாக்டீரியா!" என்று கொலையாளியைப் பிடித்த இன்ஸ்பெக்டர்போலக் கத்தினார். தண்டை எடுத்துவிட்டுத் தம்ளரைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். வெயிலில் வந்த என் தம்பி அதை மோர்த்தண்ணீர் என்று கையில் எடுத்துவிட்டான். நான் பாய்ந்து பிடுங்கினேன்.

எப்படியோ நான்கு வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் காய் பிழைத்துப் பழுத்தது. எது சிறந்தது என்று முடிவுசெய்ய, நான்கிலும் தனித்தனியாக ரசம் வைக்கச் சொன்னார். அலுவலகம் முடிந்து வந்த எனக்கு நான்கு ரசம் வைக்கிற தெம்பு இல்லை. எல்லாத் தக்காளியையும் ஒன்றாகப் பிசைந்து ஒரே ரசம் வைத்து நான்கு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்ணாவதுக்குப் புளிப்பு கூடுதலு. மூணாவதுல ஒரு சப்பு உண்டு. நாலாவதாக்கும் ரசம்! இது கறுப்புதானே?" என்றார்.

"ஆமா" என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். இதை இப்போதுதான் முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த மழை முடிந்தபோது என் செடி அவருடைய பாத்திக்குள் நுழைந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்தபோது வரப்பில் இரண்டு கொடி. அடுத்த ஞாயிறு ஐஸ்கிரீம் குச்சிகளைக் காணவில்லை. அதற்கடுத்த ஞாயிறு தக்காளியே எங்கே என்று இலையை விலக்கித் தேடவேண்டி வந்தது.

"ஏட்டி, உனக்க மருந்து எனக்க தக்காளிய முழுங்கிப்போட்டு" என்றார்.

"மருந்துச்செடின்னா அப்பிடித்தான் வீரியமா வளரும். நீங்க தக்காளிய மேல தூக்கிக் கெட்டுங்க" என்றேன்.

அவர் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே கைக்கு வந்ததைப் பிடுங்கினார்.

தோட்டக் குழுவின் அந்த மாதக் கூட்டம் ஒரு ஞாயிறு பிற்பகல், காலை ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு, எங்கள் சர்ச்சின் ஹாலில் நடந்தது. குழுவின் தலைவி ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை. எல்லாருக்கும் அவர் டீச்சர். பேசுவதற்கு விவசாய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்திருந்தார். அவர் ஒரு பையோடு வந்தார். பைக்குள்ளிருந்து முதலில் ஊதாப் பூவோடு ஆகாயத்தாமரையை எடுத்துக் காட்டினார். குளத்தையே மூடுகிற அதை எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் தலையாட்டினோம். அடுத்து உண்ணிச்செடி. அதற்கும் தலையாட்டினோம். மூன்றாவதாக அவர் எடுத்தது மஞ்சள் பூவோடு ஒரு கொடி.

"இது சிங்கப்பூர் டெய்சி. அமெரிக்காப் பக்கத்துச் செடி. உலகத்துல பொல்லாத செடிகளுக்க லிஸ்டுல இதுக்கும் எடம் உண்டு. தண்டுல உள்ள ஒரு முட்டு, ஒரு கணு, மண்ணுல பட்டாப் போதும், வேரு விட்டிரும். பக்கத்துல வேற ஒண்ணும் வளர விடாது. நெறைய பேரு இத மஞ்சள் கரிசலாங்கண்ணின்னு நெனச்சு வீட்டுல வளத்துறாவ. கரிசலாங்கண்ணிக்கு இல நீளமா ஒரே இலையா இருக்கும். இதுக்குப் பாருங்க, மூணு வெரலு மாதிரி."

ஹாலில் ஒன்பது நாற்காலிகள் கிரீச்சென்று திரும்பின. பத்தாவதாக என் கணவரும் திரும்பிப் பார்த்தார். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பத் தேவையே இல்லை.

நான் எழுந்து, "சார், தலையில தேச்சா ஏதாவது ஆகுமா?" என்று கேட்டேன்.

"தேச்சாச்சா?"

"ஒரு வருஷமா."

"ஒண்ணும் ஆகாது. தேங்காயெண்ணெ தலைக்கு நல்லதுதான்" என்றார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மக்கா, குடுத்தது நீதானே. ஒவ்வொரு வீடா வந்து நீதான் பறிக்கணும். ஒரு முட்டு பாக்கி இருக்கப்பிடாது."

கூட்டம் முடிந்ததும் என் கணவர் அதிகாரியிடம் போய் வாடல் நோயைப் பற்றிக் கேட்டார். சுண்டைக்காய்ச் செடிக்கு அந்த நோய் அண்டாது, அதன் தண்டில் தக்காளியை ஒட்டுக்கட்டலாம் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். அதனால் அன்று ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது அவர் ஒரே சந்தோஷமாக இருந்தார். நான் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறே தொடங்கினோம். மம்பட்டி, கையுறை, நாலு சாக்கு. "நான் எதுக்கு வரணும்?" என்று முரண்டு பிடித்தவர், ஒன்பது வீட்டிலும் என்னென்ன தக்காளி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாமே என்றதும் முன்னால் போய் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தார்.

முதல் வீடு டீச்சர் வீடு. டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, "அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று பரீட்சை ஹாலில் பிட் பிடிப்பதுபோலக் காட்டிக் கொடுத்தார். வெளிநாட்டுச் செடியையே ஊருக்குள் விடக்கூடாது என்று நடுவில் ஒரு பிரசங்கமும் செய்தார். என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். முன்வாசலில் காகிதப்பூ, வராந்தாவில் ஆந்தூரியம், பின்னால் மரச்சீனிக் கிழங்கு.

"டீச்சர், இதெல்லாமும் வெளிநாடுதானே? தக்காளியே வெளிநாடாக்கும்."

"அதுக்கென்ன? அதெல்லாம் அடக்கமான பிள்ளைய. வச்ச எடத்துல நிக்கும். இதப்போல மதிலு சாடிப் போவுதா?" என்றார் டீச்சர். அந்த அதிகாரி ஒரு மணி நேரம் பேசியதைவிட எனக்கு இது நன்றாக விளங்கியது.

டீச்சர் வீட்டில் நாட்டுத் தக்காளி மட்டும்தான். "தக்காளின்னா புளிக்கணும். புளிக்காதத ஆப்பிள்னு சொல்லிருவேன்" என்று செய்தித்தாளில் தேய்த்துக் காயவைத்த விதைகளைத் தாளோடு கிழித்துக் கொடுத்தார்.

இரண்டாவது வீட்டில், தக்காளி என்றாலே ஹைபிரிட்தான் என்றார்கள். மூன்றாவது வீட்டில் செர்ரி தவிர மற்றதெல்லாம் வீண் வேலை என்றார்கள். நான்காவது வீட்டுக்காரர் தக்காளியே வைக்கவில்லை. வாங்கினால் மலிவு என்றார். என் கணவர் அந்த வீட்டில் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. நான் நான்கு வீட்டிலும் குனிந்த தலை நிமிராமல் பிடுங்கினேன். குனிந்திருந்தால் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பது அந்த வேலையில் ஒரு வசதி.

ஐந்தாவது வீடு சுசீந்திரத்தில், வயலை ஒட்டி. வீட்டுக்காரர் பேங்கில் இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய முற்றத்திலிருந்து கொடி இறங்கி வயல் வரப்பை மூடி, வாய்க்காலுக்குள் காலை நீட்டிக்கொண்டிருந்தது. வயல்காரர் வரப்பில் மம்பட்டியோடு நின்றார்.

"எந்த மூதேவி இதக் கொண்டு வந்து இங்க வச்சுதோ" என்று அவர் பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டார்.

பேங்க்காரர் என்னைக் கை காட்டினார். "இந்த அம்மாதான்."

நான் வேகமாக வரப்பில் இறங்கி, தடித்த ஒரு கொடியைப் பிடித்து, என் பக்தி எல்லாம் தெரியும்படி இழுத்தேன். கொடி பட்டென்று அறுந்தது. நான் பின்பக்கமாக வயலுக்குள் போய் உட்கார்ந்தேன். நடவு முடிந்து நான்கு நாள் ஆன வயல். இடுப்பு வரைக்கும் சேறு. என் கணவர் கரையில் நின்று, "அடிபட்டுதா?" என்று கேட்டார். நான் இல்லை என்றதும் சிரிக்க ஆரம்பித்தார். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த வயல்காரரும் சிரித்துவிட்டார்.

"எந்திரிங்கம்மா. மேலால இழுத்தா அறும். முட்டு முட்டா வேரு கெடக்குல்லா, அடியில கொத்தி எடுக்கணும்" என்று மம்பட்டியால் கொத்திக் காட்டினார். பிறகு, "நாத்து ஏழெட்ட அமுக்கிட்டிய. அதயும் நட்டுட்டுப் போங்க" என்றார். நட்டேன். நான் நட்ட நாற்றுகள் மூன்று கோணத்தில் சாய்ந்து நின்றன. அவர் எனக்குப் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் நேராக்கினார்.

எட்டாவது வீடு குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். கடலுக்குப் போகிறவரின் மனைவி. வீட்டில் தையல் வேலை செய்கிறவள். மீன் கொண்டு வருகிற தெர்மக்கோல் பெட்டிகள்தான் அவளுக்குத் தொட்டி. வீட்டு முன்னால் வெறும் மணல்மேடு. அதன்மேல் என் செடி அழகாகப் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருந்தது.

"யக்கா, இதப் பறிக்காதீங்க. காத்தடிச்சா மண்ணெல்லாம் வீட்டுக்குள்ள வரும். என்னென்னவோ நட்டுப் பாத்தேன், ஒண்ணும் நிக்கல. இது ஒண்ணுதான் நின்னுது" என்றாள்.

ஏழு வீட்டில் குற்றவாளியாக நின்றவளுக்கு இங்கே ஒரு நல்ல பெயர் கிடைக்கிறது. நான் மம்பட்டியைக் கீழே வைத்தேன். ஆனால் அடுத்த வீட்டு வேலி வரைக்கும் கொடி போயிருப்பதைக் கண்டேன். கடைசியில் ஒரு உடன்படிக்கை செய்தோம். மேட்டைச் சுற்றி ஓடு பதித்து ஒரு எல்லை. எல்லை தாண்டுவதை வாராவாரம் அவள் வெட்ட வேண்டும். யாருக்கும் கன்று கொடுக்கக்கூடாது. அடம்பங்கொடிபோல மணல் பிடிக்கிற வேறு செடி ஏதாவது கிடைத்தால் நானே கொண்டு வந்து நடுவேன்.

அதற்குள் என் கணவர் மீன்பெட்டிகளுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டார். பெட்டி பெட்டியாகத் தக்காளி. வாடல் இல்லை, புள்ளி இல்லை. கொத்துக் கொத்தாகச் சிவந்து கிடந்தது. அவள் ஒன்றைப் பறித்துத் துடைத்துக் கொடுத்தாள். கடித்தார். அப்படியொரு இனிப்பை நானும் தக்காளியில் கண்டதில்லை.

"இது என்ன வெரைட்டி?" என்று கேட்டார்.

"வெரைட்டியா? கடையில வாங்கின தக்காளி ஒண்ணு அழுகிப்போச்சு. அத இதுக்குள்ள எறிஞ்சேன்."

"விதை எங்க உள்ளது?"

"அதான் சொல்லுதேன்லா, அழுகின தக்காளி."

"உரம்?"

"மீன் கழுவுன தண்ணி."

அவர் பையிலிருந்து எடுத்த நோட்டை எழுதாமலே மூடினார். "மீன்கறி வச்சா எப்பிடி இருக்கும் இது!" என்றார் பெருமூச்சோடு.

அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மீன்கறியில தக்காளியா? அது வெளியூர்க்காரனுவ செய்யிற வேலை. நாங்க புளிதான் போடுவோம். இத பிள்ளைய சும்மா பறிச்சுத் தின்னும்."

வரும்போது ஒரு பை நிறையத் தக்காளி தந்தாள். இவர் அதை ஸ்கூட்டரில் தொங்கவிட மறுத்து, நான் மடியில் வைத்துக்கொண்டுதான் வரவேண்டும் என்றார்.

ஒன்பதாவது வீடும் முடிந்தபின் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தைச் சுத்தம் செய்தோம். அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அது துபாயில் இருக்கிற ஒருவரின் காலி மனை. தரையே தெரியவில்லை. மனை முழுக்க மஞ்சள் பூ.

"இது எப்பிடி இங்க வந்து?" என்றேன்.

அவர் மம்பட்டியின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் பாத்தியில இருந்து பறிச்சத எங்க போடுவேன்? மதிலுக்கு அப்புறம் எறிஞ்சேன். ஒரு ஆறு மாசமா" என்றார்.

ஒன்பது வீட்டிலும் தலைகுனிந்து நின்ற என் முதுகு அன்று நிமிர்ந்தது. அந்த மனையை அவரே தனியாக மூன்று வாரம் கொத்தினார். நான் டீச்சரிடம் ஒரு குடை வாங்கி வந்து, பக்கத்தில் நின்று, "அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று காட்டிக் கொடுத்தேன்.

பிறகு அவர் ஒட்டுக்கட்டும் வேலையில் இறங்கினார். பன்னிரண்டு சுண்டைக்காய்க் கன்றின் தலையை வெட்டி, கடற்கரைத் தக்காளி நாற்றைச் செருகி, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டினார். ஒரு வாரம் என் சேலைகள் கிளிப் இல்லாமல் அடுத்த தெருவரைக்கும் பறந்தன. பதினொன்றில் ஒட்டு கருகிவிட்டது. பன்னிரண்டாவது தழைத்தது. அவர் தினமும் காலையில் காப்பியோடு போய் அதன்முன் நிற்பார். இடுப்புயரம் வந்தது. இலை அகலமாக வந்தது. தண்டில் முள் வந்தது.

"தக்காளிக்கு முள்ளு உண்டுமா?" என்றேன்.

"ஒட்டுன்னா கொஞ்சம் அப்பிடி இப்பிடி இருக்கும்" என்றார்.

கொத்தாக வெள்ளைப் பூ வந்தது. பச்சையாகக் காய் வந்தது. பழுக்கும் என்று இரண்டு வாரம் காத்திருந்தார். அது சுண்டைக்காய். மேலே ஒட்டிய தக்காளி எப்போதோ செத்து, அடித்தண்டு தனக்கென்று தழைத்திருக்கிறது. தேங்காய் வறுத்து அரைத்துத் தீயல் வைத்தேன். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒட்டுக்கட்டியதால்தான் இந்த ருசி என்றார்.

குழுவில் இப்போது ஒரு சட்டம் உண்டு. யாரும் யாருக்கும் கன்று கொடுப்பதற்கு முன்னால் இலையையும் பூவையும் படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். டீச்சரின் ஏற்பாடு. "தப்பு செஞ்சவளுக்குத்தான் கண்ணு தெளிவா இருக்கும்" என்றார். தெரியாத செடியென்றால் நான் அந்த அதிகாரிக்கு அனுப்பிக் கேட்டுச் சொல்கிறேன். வாரத்தில் மூன்று பேருக்காவது வேண்டாம் என்று சொல்ல வேண்டி வருகிறது. சொன்னால் சிலருக்குக் கோபம்.

போன வாரம் அலுவலகத்தில் என் நாற்காலிக்காரியே ஒரு படம் காட்டினாள். வீட்டு முன்னால் சிமென்ட் தொட்டி கட்டி, அதில் ஊதாப் பூவோடு ஒரு கொத்து மிதக்க விட்டிருந்தாள். "குளத்துல இருந்து எடுத்துட்டு வந்தேன் அக்கா. அல்லியப்போல எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க. எங்க தெருவுல நாலு பேரு கேட்டிருக்காவ."

"குடுத்தாச்சா?"

"ரெண்டு பேருக்குக் குடுத்தேன். ஏன்?"

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். "அந்தத் தெருவுல தக்காளி யாராவது வச்சிருக்காவளா?" என்று கேட்டார் அவர். வைத்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அலுவலக வாசலில் வந்து ஹாரன் அடித்தார்.